விலக்குக்கு இன்னும் ஒரு ஆள் பாக்கி

வாய்யா ஆபீசர் பேராண்டி. நீ நெடுஞ்சாலையில ஏ.இ. ஆயிட்டேன்னு உங்க அப்பன் ஊரு முழுக்க லட்டு குடுத்தானே, எனக்கும் ரெண்டு வந்துச்சு. சர்க்கரை இருக்குன்னு சொல்லி ஒண்ணை உங்க பாட்டி வாங்கிக்கிட்டா. சட்டை மடிப்பு கலையாம இருக்கு, பூட்ஸுல புழுதி இல்ல. இன்னும் வெயில்ல எறங்கலபோல. இருக்கட்டும். எறங்குறதுக்கு முன்னாடி கிழவன் கொஞ்சம் புத்திமதி சொல்றேன். காசு கெடையாது. கேட்டு நடக்கணும்னு கட்டாயமும் கெடையாது. கிழவன் பேச்சைக் கேட்டு ஒரு ரோடு நிமிர்ந்ததா நான் இதுவரைக்கும் கேள்விப்பட்டதில்ல.

மதுரையில இருந்து கன்னியாகுமரி போற நாலு வழிச் சாலையில நம்ம ஊருக்குப் பிரியுற விலக்கு இருக்கே, அதைப் பத்தித்தான் பேச்சு. நான் மாடு பத்திக்கிட்டுத் திரிஞ்ச காலத்துல அது 7-ஆம் நம்பரு ரோடு. பெறகு 44-ன்னு நம்பரை மாத்தினாங்க. ரெண்டு வழி நாலு வழியாச்சு, லாரி போன எடத்துல கண்டெய்னர் வந்துச்சு, ரெண்டு பக்கமும் நின்ன புளியமரமெல்லாம் வெறகாச்சு. மாறாம நிக்கிறது நம்ம விலக்கு ஒண்ணுதான்.

உனக்கு முந்தி ஒரு ஆபீசர் வந்திருந்தாரு. நல்ல மனுசன், எளநி குடிச்சாரு. அவருதான் கணக்கைச் சொன்னாரு. தேசிய நெடுஞ்சாலையில ஒரு எடத்தை விபத்துக் கரும்புள்ளின்னு அரசாங்கம் ஒத்துக்கிடணும்னா, 500 மீட்டர் நீளத்துக்குள்ள, 3 வருசத்துல, உசுரு போனதோ பலத்த காயம் பட்டதோ 5 விபத்து நடந்திருக்கணுமாம். இல்லாட்டி 10 பேரு செத்திருக்கணுமாம். “உங்க விலக்குல 4 தானே பெரியவரே ஆயிருக்கு”ன்னு பைலை மூடினாரு. அவரு மேல தப்பு சொல்ல முடியுமா? பரீச்சையில ஒரு மார்க்கு கொறைஞ்சா பெயிலுதானே.

அதனால அக்டோபர் 2 கிராமசபையில நான் எந்திரிச்சேன். “நம்ம விலக்கு சரியாகணும்னா இன்னும் ஒரே ஒரு ஆள்தான் பாக்கி. ஊரு நன்மைக்கு விருப்பமுள்ளவங்க பேரு குடுங்க”ன்னேன். ஒருத்தன் கை தூக்கல பாத்துக்கோ. ஓசிச் சேலைன்னா முண்டி அடிக்கிற ஊரு, பொதுக்காரியம்னதும் கீழ குனிஞ்சு கோரைப்பாயைப் பிய்க்குது. ஊராட்சிச் செயலரு இதைத் தீர்மானப் புத்தகத்துல எழுதவா வேண்டாமான்னு பேனாவை மூடி மூடித் தொறந்தாரு.

நீ அந்தக் கணக்கை வச்சுக்கோ, வேண்டாம்னு சொல்லல. ஆனா அதுகூட இன்னொரு கணக்கும் வச்சுக்கோ. விலக்குல போயி ரோட்டைக் குனிஞ்சு பாரு. டயரு தேய்ச்ச கறுப்புக் கோடு எத்தனை கெடக்குன்னு எண்ணு. ஒவ்வொண்ணும் ஒருத்தன் உசுரைக் கையில புடிச்சுக்கிட்டு பிரேக்கு அடிச்ச எடம். மீடியன் ஓரத்துல சிவப்பு இண்டிகேட்டர் கண்ணாடித் தூளு கெடக்கும், ஒத்தைச் செருப்பு கெடக்கும். டீக்கடை மாஸ்டர்கிட்ட கேளு, தப்பிச்சவன் பேரெல்லாம் வரிசையாச் சொல்லுவாரு. காலு ஒடிஞ்சு கேசு வேண்டாம்னு பச்சிலைக் கட்டுப் போட்டவன் எந்தப் பைல்லயும் இருக்க மாட்டான், அவரு வாயில இருப்பான். செத்தவனை மட்டும் எண்ணுற கணக்குக்கு நீ நாலு வருசம் இன்ஜினீயரிங் படிச்சிருக்க வேண்டாம்யா, வெட்டியானே போதும்.

நம்ம நாட்டுக் கணக்கும் சும்மா இல்ல. 2022-ல தமிழ்நாட்டுல மட்டும் 64,105 விபத்து. இந்தியாவுலயே எண்ணிக்கையில நாமதான் முதலிடம். செத்தது 17,884 பேரு. அதுல மட்டும் உத்தரப்பிரதேசம் நம்மளை முந்திருச்சு. இதை மத்திய அரசே புத்தகமாப் போட்டிருக்குன்னு உன் அக்கா போன்ல படிச்சுக் காட்டினா. எதுலயாச்சும் முதலிடம் வந்தா பிளக்ஸு வைக்கிற ஆளுங்க நாம. இதுக்கு மட்டும் ஒருத்தனும் வைக்கல.

சரி, ஏன் நடக்குதுன்னு கேட்டா ஆளுக்கு ஒரு காரணம் வச்சிருக்காங்க. போலீஸ் ஸ்டேசன்ல எழுதுறது எப்பவும் ஒரே வாசகம்: “அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து.” முந்தி அது 304-ஏ, 2024 சூலையில இருந்து புதுச் சட்டத்துல 106. நம்பரு மாறுச்சு, வாசகம் அதேதான். குத்தவாளி டிரைவரு, இல்லாட்டி செத்தவன். ரோட்டை ஒரு தடவையாச்சும் கூப்பிட்டு விசாரிச்சதா நான் கண்டதில்ல.

நம்ம சனம் அதுக்கும் மேல. விலக்குல முனி நிக்குதாம், காவு கேக்குதாம். கெடா வெட்டினாங்க. கறியில எனக்கும் ஒரு பங்கு வந்துச்சு, அதனால முனியைப் பத்தித் தப்பாப் பேச மாட்டேன். பெறகு அமாவாசைக்கு அமாவாசை நடு ரோட்டுல பூசணிக்காய் ஒடைச்சாங்க. கண்ணேறு கழியட்டும்னு ஒடைச்ச பூசணி வழுக்கி, பின்னாடி வந்த பய பைக்கோட சறுக்குனான். அதுவும் முனி வேலைன்னு எழுதிக்கிட்டாங்க.

நீ படிச்ச பிள்ளை, முனியை விடு. காலையில 7 மணிக்கு, பால் சொசைட்டிக்கு வண்டி போற நேரத்துல, விலக்குல ஓரமா நின்னு நம்ம ஊரு எக்ஸெல் மொபெட் ஒண்ணை மட்டும் பாரு. பின்னாடி ரெண்டு பால் கேன், முன்னாடி காலுக்கிட்ட புண்ணாக்கு மூட்டை. ஊரு ரோடு பெரிய ரோட்டுல சேர்ற எடத்துல ஏத்தம் இருக்குல்ல? அது ஆண்டவன் வச்ச ஏத்தம் இல்ல, உங்க ஆளுங்க வச்சது. நாலு வழிச் சாலைக்கு மண்ணைக் கொட்டி ஒசத்தினாங்க, பெறகு தாரு மேல தாரு போட்டு ஒசத்தினாங்க. ஊரு ரோடு பழைய மட்டத்துலயே கெடக்கு. கடைசி பதினஞ்சு இருபது அடி செங்குத்து. எக்ஸெல்காரன் அந்த ஏத்தத்துல வண்டிய நிறுத்த மாட்டான். நிறுத்தினா பாரம் பின்னாடி இழுக்கும், கேன் சாயும், திரும்ப எழுப்ப வண்டிக்குத் தெம்பு இருக்காது. அதனால கீழ இருந்தே ஆக்சிலேட்டரைத் திருகிக்கிட்டு ஒரே மூச்சுல ஏறி, ஏறின வேகத்துல ரோட்டுக்குள்ள நுழைஞ்சிருவான். “நின்று கவனித்துச் செல்லவும்”னு போர்டு வச்சிருக்கீங்களே, நிக்கிறதுக்கு எடம் எங்க வச்சிருக்கீங்க? ஒரு வண்டி நீளத்துக்குச் சமதளம் விட்டிருந்தா அவன் நிப்பான்யா. நிக்கிறதுக்கு அவனுக்கென்ன வலிக்குதா?

அப்புறம் அவன் எதைப் பாப்பான்? சேர்ற எடத்துல ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம். அதுக்குள்ள ஒரு போர்டு இருக்கு, “விபத்துப் பகுதி, மெதுவாகச் செல்லவும்”னு. கருவேலங் காட்டுக்குள்ள போயி ஆடு மேய்க்கிறவன் மட்டும் அதைப் படிச்சு மெதுவாப் போறான். இந்த ஊரு ரோடும் நேராப் போயிச் சேரல, சாய்ஞ்சு போயிச் சேருது. வலது பக்கம் வர்ற வண்டிய பாக்கணும்னா கழுத்தைத் தோளுக்குப் பின்னாடி திருப்பணும். என் வயசுக்காரன் கழுத்து அம்புட்டுத் தூரம் திரும்பாது. உன் வயசுக்காரன் கழுத்து திரும்பும், ஆனா போன் அதுல சொருகி இருக்கும்.

ஒரு பக்கத்தைத் தாண்டினான்னு வச்சுக்கோ. நடுவுல மீடியன். அதுல அரளி. செவப்பு அரளி, வெள்ளை அரளி, பாக்க அழகு, ஆடு தின்னாது, தண்ணி கேக்காது, எதிர்வண்டி வெளிச்சத்தையும் மறைக்கும். யோசிச்ச புண்ணியவான் நல்லாத்தான் யோசிச்சிருக்கான். ஆனா கேப்பு விட்ட எடம் வரைக்கும் ஆள் ஒசரத்துக்கு வளர்த்துட்டீங்களே! எக்ஸெல்ல உக்காந்தவன் கண்ணு மட்டம் நாலு, நாலரை அடி. அரளி ஆறு அடி. மூக்கை நீட்டிப் பாத்தாத்தான் வண்டி தெரியும், மூக்கை நீட்டினா முன் சக்கரம் ஏற்கனவே ரோட்டுக்குள்ள இருக்கும்.

டிராக்டர் வந்துச்சுன்னா கூத்து. மீடியன் அகலம் நாலரை மீட்டர் இருந்தா அதிகம். டிராக்டரும் டிரெய்லரும் சேந்தா அதுல பாதிகூட அடங்காது. மூஞ்சி மீடியன்ல, முதுகு வேகமாப் போற லேன்ல. ராத்திரி கரும்பு ஏத்தின டிரெய்லருக்குப் பின்னாடி செவப்பு வில்லை ஒண்ணு ஒட்டியிருப்பான், அதையும் தோகை மூடியிருக்கும்.

இப்ப நீ படிச்ச கணக்குக்கு வருவோம். கார்க்காரன் 100-ல வர்றான்னு வச்சுக்கோ. ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 28 மீட்டர் வந்திருவான். நம்ம எக்ஸெல் பாரத்தோட எழும்பி ஒரு பக்கத்து ரோட்டைத் தாண்ட 5 செகண்டு ஆகும். அதுக்குள்ள காரு 140 மீட்டர் வந்திருக்கும். சரி, கார்க்காரன் பாத்து நிறுத்தட்டுமேன்னா, உங்க புத்தகத்துலயே அவன் கண்டு, புத்தியில ஏறி, காலு பிரேக்குக்குப் போக 2.5 செகண்டு குடுத்திருக்கீங்க. அதுலயே 70 மீட்டர் போச்சு. பிரேக்கு புடிச்சு நிக்கிறதையும் சேத்து 100-ல வர்ற வண்டிக்கு 180 மீட்டர் தெளிவாத் தெரியணும்னு எழுதி வச்சிருக்கீங்க. 80-ல வந்தா 120 மீட்டர். நம்ம விலக்குல அரளிக்கும் கருவேலத்துக்கும் நடுவுல எம்புட்டுத் தெரியுதுன்னு டேப்பு வச்சு அளந்து பாரு. அளந்துட்டு என்கிட்ட சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியும். உன் மேலதிகாரிகிட்ட எழுதிக் குடு. வேகம் ரெண்டு மடங்கானா மோதுற அடி நாலு மடங்குன்னு பள்ளிக்கூடத்துல படிச்சதையும் அடியில ஒரு வரி சேத்துக்கோ, அவரு மறந்திருப்பாரு.

இத்தனைக்கும் நடுவுல பஸ் ஸ்டாப்பு எங்க இருக்கு? விலக்கு வாய்க்கு நேரா, கேப்புக்கு முன்னாடி. பஸ்ஸு நின்னா மதிலு எழும்பின கணக்கா அந்தப் பக்கம் வர்றது ஒண்ணும் தெரியாது. பஸ்ஸை விட்டு எறங்கினவன் பஸ்ஸுக்கு முன்னாடியே புகுந்து ரோட்டைத் தாண்டுவான். அதை விலக்கைத் தாண்டி ஒரு நூறு மீட்டர் தள்ளி வச்சா பாதி வில்லங்கம் தீரும். ஆனா வைக்க விட மாட்டோம். நூறு மீட்டர் நடந்தா எங்க கௌரவம் என்னாகுறது? நிழற்குடையில எம்.எல்.ஏ. பேரு கொட்டை எழுத்துல இருக்கு, அதைப் பேத்தா அவரு கௌரவம் என்னாகுறது? நுங்கு விக்கிறவன், வெள்ளரிப்பிஞ்சு விக்கிறவன் எல்லாம் அங்கதான் உக்காந்திருக்கான். வெளியூரு கார்க்காரன் நுங்கைக் கண்டதும் சடார்னு ஓரங்கட்டுவான், பின்னாடி வர்றவன் அவனைச் சுத்துவான், சுத்துற எடத்துல நம்ம பால்காரன் நிப்பான்.

கேப்பை அடைச்சிரலாம்னு நீ சொல்லுவ. உன் சீனியரும் அதைத்தான் சொன்னாரு. ஒரு கிலோமீட்டர் தள்ளி யூ-டர்ன் விட்டுட்டா யாரும் குறுக்க வர மாட்டாங்களாம். பேராண்டி, நீ நம்ம ஊருல பொறந்தவன்தானே? காலங்காத்தால பால் கேனோட ஒருத்தன் அங்கிட்டு ஒரு கிலோமீட்டர் போயி இங்கிட்டு ஒரு கிலோமீட்டர் வருவானா, இல்ல ஓரத்தைப் புடிச்சு எதிர்த்திசையில வருவானா? பெட்ரோல் விக்கிற வெலையில அவன் என்ன செய்வான்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், கேப்பை அடைக்கச் சொன்னவருக்கும் தெரியும். அடைச்ச கல்லை ரெண்டே நாள்ல கடப்பாரை போட்டு நெம்பி எடுத்திருவான், எடுக்கிறதுக்கு ஊரே சேந்து வரும். கிராமசபைக்கு வராத பய எல்லாம் அதுக்கு வருவான். ஆடு எந்தப் பக்கமாப் போகுதுன்னு பாக்காம படலைக் கட்டிப்புட்டு, படலை உடைச்ச ஆட்டை அடிச்ச கதைதான் இது. சனம் தினம் எந்தப் பக்கம் போகுதுன்னு நீ பத்து நாளு நின்னு பாரு. பள்ளிக்கூடம் மேற்க, ரேஷன் கடை கிழக்க. கம்மாயி அங்கிட்டு, சொசைட்டி இங்கிட்டு. அவன் குறுக்கதான் போவான். குறுக்கப் போறவன் சாகாம போறதுக்கு வழி பண்றதுதான் உன் சோலி, குறுக்கப் போகாதேன்னு சொல்றதுக்கு ஊருல வாத்தியாரு இருக்காரு.

யூ-டர்னே வைக்கணும்னா கிட்டத்துல வையி, திரும்புறவன் ஒதுங்கி நிக்கத் தனி லேனு விட்டு வையி. வேகமாப் போற லேன்ல நின்னுக்கிட்டே இண்டிகேட்டர் போட்டுச் சாமி கும்பிடுற யூ-டர்ன் வேண்டாம். விலக்கையும் எதிர்விலக்கையும் நேருக்கு நேரா விடாம ஒண்ணைக் கொஞ்சம் தள்ளி விட்டாலே நல்ல பலன் உண்டு. உன் அக்கா ஒரு படம் காட்டினா. நாலு பக்கமும் ரோடு வந்து சேர்ற எடத்துல வண்டியும் வண்டியும் முட்டிக்கிடத் தோதான புள்ளி 32 இருக்காம். மூணு ரோடு சேர்ற எடத்துல 9 தானாம். நாலு ரோட்டுச் சந்திப்பை ரெண்டு மூணு ரோட்டுச் சந்திப்பாப் பிரிச்சா 18 ஆச்சு. மண்ணு கொஞ்சம், நெலம் கொஞ்சம். நெலம் எடுக்கணும்னா என் பங்காளி தோட்டத்து மூலைதான் போகும், அதுல எனக்கொண்ணும் ஆட்சேபணை இல்ல.

ரவுண்டானா போட்டா 8 புள்ளிதானாம். கோயமுத்தூர்ல 2023 வாக்குல பல எடத்துல சிக்னலை நிறுத்திப்புட்டு ரவுண்டானாவும் யூ-டர்னுமா மாத்திட்டாங்கல்ல, ஒரு கல்யாணத்துக்குப் போனப்ப பாத்தேன். சுத்திச் சுத்திப் போகுது வண்டி, நிக்காமப் போகுது, ஆனா மெதுவாப் போகுது. அதுதான் சூட்சுமம். ரவுண்டானாவுல முட்டினாலும் உரசல்தான், நெத்திக்கு நெத்தி இல்ல. ஆனா நம்ம பைபாஸ்ல 100-ல வர்றவன் முன்னாடி திடீர்னு ஒரு வட்டத்தைக் கட்டி வச்சா அவன் அதுக்கு மேல ஏறி அந்தப் பக்கம் எறங்குவான். வட்டத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே ரோட்டை வளைச்சு, அவனாவே காலை எடுக்கும்படி செய்யணும். இல்லாட்டி ஊருக்குள்ள, டவுன் நுழையிற எடத்துல, சர்வீஸ் ரோடு சந்திக்கிற எடத்துல போடு. அதுக்குத்தான் அது லாயக்கு.

ரவுண்டானாவுக்கு இன்னொரு விசயம் வேணும். உள்ள சுத்துறவனுக்கு வெளிய இருந்து வர்றவன் வழி விடணும். இங்கிலாந்துல ரொம்ப நாளா அப்படி இல்லாம ரவுண்டானாவெல்லாம் பூட்டிக்கிட்டுக் கெடந்துச்சாம். 1966-லதான் வலது பக்கம் வர்றவனுக்கு வழி விடுன்னு விதியாக்கினாங்களாம், அதுக்கப்புறம் நகர ஆரம்பிச்சுச்சாம். நம்ம ஊருலயும் விதி இருக்கு, புத்தகத்துல. ரோட்டுல விதி என்னன்னா, யாரு வண்டி பெருசோ அவனுக்கு வழி. யாரு ஹாரன் சத்தமோ அவனுக்கு அடுத்த வழி. வட்டத்துக்கு நடுவுல என்ன வைக்கலாம்னு மட்டும் ஒருத்தன்கிட்டயும் கேட்டுராத. செலை வைக்கலாம்னு நாலு கட்சிக்காரன் வருவான். பொது ரோட்டுல செலை வைக்க அனுமதி குடுக்காதேன்னு சுப்ரீம் கோர்ட்டு 2013-லயே சொல்லியிருக்குன்னு சொல்லு. கேக்க மாட்டான், இருந்தாலும் சொல்லி வையி.

சுரங்கப்பாதை போடுறோம்னு சொன்னாலும் சந்தோசம்தான். மேல கார்க்காரன் பாட்டுக்குப் போறான், கீழ நம்ம ஆளு பாட்டுக்குப் போறான். ரயில்வேக்காரங்க சுரங்கப்பாதை போட்ட ஊருக்கெல்லாம் ஐப்பசியில போயிப் பாரு, அயிரை மீனு கெடைக்கும். தண்ணி வடிய வழி இல்லாம வெட்டினா நம்ம சனம் மறுபடி மேல ஏறித்தான் ரோட்டைத் தாண்டும். மட்டம் பாக்குறவனைக் கோடையில கூட்டிட்டு வராத, மழைக்குக் கூட்டிட்டு வா.

அடுத்த விபத்து நடந்ததும் நம்ம பயலுக சாலை மறியல் பண்ணுவாங்க. தாசில்தார் வருவாரு. என்ன வேணும்னு கேப்பாரு. “ஸ்பீடு பிரேக்கர்!”னு கத்துவாங்க. தேசிய நெடுஞ்சாலைக்குக் குறுக்க ஸ்பீடு பிரேக்கர் போடக் கூடாதுன்னு அவருக்குத் தெரியும், ஆனா கூட்டத்தைக் கலைக்கணுமே, ஆகட்டும்பாரு. போடலைன்னா ராவோட ராவா நம்ம ஆளுங்களே எங்கயோ மிஞ்சின தாரைக் கொண்டாந்து ஒரு கரையைக் கட்டிருவாங்க. கோடு அடிக்க மாட்டாங்க, வில்லை பதிக்க மாட்டாங்க. அன்னைக்கு ராத்திரியே அதுல ஒரு பைக்கு பறக்கும்.

ஸ்பீடு பிரேக்கர் வேண்டியது பெரிய ரோட்டுல இல்லைய்யா, ஊரு ரோட்டுல, விலக்குல ஏர்றதுக்கு முன்னாடி. அதுவும் உங்க அளவுல. 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் ஒசரம், 25 கிலோமீட்டர் வேகத்துல போனா குலுங்காது. நான் பாத்த ஸ்பீடு பிரேக்கர்ல ஒண்ணுகூட இந்த அளவுல இல்ல. முழ அகலம், முழங்கால் ஒசரம். நிறைமாசக்காரியக் கூட்டிட்டுப் போனா ஆஸ்பத்திரி போறதுக்குள்ள பேறுகாலம் ஆயிரும்.

போலீஸ்காரங்க அவங்க பங்குக்கு பேரிகார்டு வச்சிருக்காங்க. நகைக்கடை பேரு ஒரு பக்கம், ஜவுளிக்கடை பேரு ஒரு பக்கம். பகல்ல வண்டிய நெளிச்சு வேகத்தைக் கொறைக்குது, வாஸ்தவம். ராத்திரி அதுவே பேயா நிக்குது. காத்துல சாஞ்சு கெடந்தா நிமித்தி வைக்க ஆள் கெடையாது. ஹைமாஸ் லைட்டு ஒண்ணு இருக்கு. அதுக்குக் கரண்டு பில்லு யாரு கட்டுறதுன்னு ஊராட்சிக்கும் ரோட்டுக்காரங்களுக்கும் கடுதாசி போக்குவரத்து நடக்குது. விலக்குல நடக்குற போக்குவரத்தைவிட அது பாதுகாப்பா நடக்குது.

எங்களையும் சும்மா விட்டுராத. ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்குல மாட்டிக்கிட்டுப் போற பய, ஒரே எக்ஸெல்ல பொண்டாட்டி புள்ளை அஞ்சு பேரை ஏத்துறவன், சாயந்தரம் கடைக்குப் போயிட்டு ரோட்டைக் கோணலா அளந்துக்கிட்டு வர்றவன், எல்லாரும் நம்ம வகையறாதான். திட்டு, பைன் போடு. ஆனா அதை முடிச்சுட்டு மறுபடி அரளியை வெட்ட வரணும். ஊரு திருந்தினதுக்கு அப்புறம் ரோட்டைத் திருத்தலாம்னு காத்திருந்தா, திருந்துறதுக்கு ஊருல ஆளு மிஞ்சணுமே.

கோயமுத்தூர்ல எலும்பு டாக்டரு ராஜசேகரன் 2012-ல சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாரே, தெரியுமா? ரோட்டைச் சரி பண்ணச் சொல்லி எலும்பு ஒட்டுறவரு கேசு போட வேண்டியதாப் போச்சு. அதுக்கப்புறம்தான் 2014-ல நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில கோர்ட்டு ஒரு கமிட்டி போட்டுச்சு. 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 198-ஏன்னு ஒரு பிரிவு கொண்டாந்தாங்க. ரோட்டைத் தரப்படி வடிவமைக்காம, பராமரிக்காம விட்டு, அதனால ஆளு செத்தாலோ ஊனமானாலோ, பொறுப்பான அதிகாரியோ காண்ட்ராக்டரோ 1 லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம் கட்டணுமாம். பயந்துராத பேராண்டி. ஒரு லட்சம் இன்னைக்குக் கல்யாண மண்டப வாடகைக்கே காணாது. ஆனா கிழவனுங்க ஊருல அந்தப் பிரிவு நம்பரை மனப்பாடம் பண்ணி வச்சிருக்கோம்னு மட்டும் உங்க ஆபீஸுல சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லி வையி.

அடிபட்டவங்களுக்கு இப்ப நல்ல திட்டம் இருக்கு, அதையும் சொல்லணும். 2021 டிசம்பர்ல மேல்மருவத்தூர்ல ஆரம்பிச்சாங்க, மொத 48 மணி நேர வைத்தியத்தை அரசாங்கமே பாத்துக்கிடுது. நம்ம ஊருல ரெண்டு பேரு அதுல பொழைச்சு வந்தாங்க, குத்தம் சொன்னா நாக்கு அழுகிரும். அடிபட்டதுக்கு அப்புறம் 48 மணி நேரத்தைப் பாக்க டாக்டரு இருக்காரு. அடிபடுறதுக்கு முந்தின அஞ்சு செகண்டைப் பாக்கத்தான் உனக்குச் சம்பளம்.

டெண்டரு, எஸ்டிமேட்டு, அனுமதி எல்லாம் வர நாளாகும்னு சொல்லுவ, வரட்டும். அதுக்கு முன்னாடி காசே இல்லாம ஆகுற சோலி இருக்கு. நாளைக்குக் காலையில 7 மணிக்கு வா. டேப்பும் சுண்ணாம்பும் கொண்டா, ரெண்டு அருவாளு நான் கொண்டாறேன். கேப்புக்கு ரெண்டு பக்கமும் அரளியை முழங்காலுக்குக் கீழ எறக்கிருவோம், கருவேலத்தைத் தூரோட எடுத்துருவோம். போர்டு வெளிய வந்திரும், அதுல என்ன எழுதியிருக்குன்னு ஊரு மொத தடவையாப் படிக்கும். ஏத்தத்து மேல ஒரு வண்டி நிக்கிற அளவுக்கு நூறு நாள் வேலையில மண்ணு போடலாமான்னு தலைவர்கிட்ட நான் பேசிக்கிறேன், அவரு எனக்கு மாப்பிள்ளை முறை. நுங்குக்காரனை உள்ள தள்ளி உக்கார வைக்கிறது உங்க பாட்டி பொறுப்பு. அவ பேச்சுக்கு மறுபேச்சு பேசுன நுங்குக்காரன் இன்னும் பொறக்கல.

ஜீப்பை மட்டும் விலக்கு வாயில நிறுத்திராத. மின்ன வந்த ஆபீசரு ஜீப்பை அங்கதான் குறுக்க நிறுத்திப்புட்டு, எறங்கி நின்னு, “இங்க பார்வை மறைக்குதே, என்ன காரணமா இருக்கும்?”னு ரொம்ப நேரம் யோசிச்சுக்கிட்டு இருந்தாரு.